கமராவைப் பகுதி பகுதியாக மேம்படுத்துவது: வன்னியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கமரா வாங்கப் போகிறவர்கள் முதலில் கேட்பது பொடியை (லென்ஸ் இல்லாத கமரா உடலை) பற்றித்தான். ஆனால் வாங்கிய சாமான்களுக்குள் முதலில் பழசாகிப் போவதும் அந்தப் பொடிதான். லென்ஸ், பிளாஷ், பற்றரி, கார்ட் இவற்றில் எது அடுத்த பொடிக்கும் கூட வரும், எது வராது, வராததற்குக் காரணம் என்ன என்பதைத்தான் இங்கே எழுதியிருக்கிறோம். பாவித்த சந்தையில் கெனனும் நிக்கொனும் கூடுதலாகக் கிடைப்பதால் உதாரணங்களும் அந்தப் பக்கமே சாய்ந்திருக்கும்.

கணினிக்கு ராம் மாற்றுவது போல, கமராவில் படத்தைப் பதியும் சென்சரை மட்டும் மாற்ற முடியாதா?

சாதாரண கமராவில் முடியாது. கழற்றிப் பூட்டுவதில் சிக்கல் இல்லை, அளவில்தான் சிக்கல். லென்ஸ் மாட்டும் உலோக வளையத்திலிருந்து சென்சர் வரையுள்ள தூரம் கெனன் ஈஎஃப் கமராவில் 44 மி.மீ. சென்சரின் நான்கு மூலைகளும் அந்தத் தூரத்தில் ஒரே மட்டமாக நிற்க வேண்டும். லென்ஸின் வாயை அகலத் திறந்து, அதாவது எஃப்/1.8 இல், படம் எடுக்கும்போது தாராளமாகக் கணக்குப் பார்த்தாலும் முன்னே பின்னே 0.05 மி.மீ. பிழைதான் தாங்கும். அது ஒரு தலைமயிரின் தடிப்பு அளவு. ஒரு பக்கம் அதைவிடச் சரிந்தால் பொம்பிளை கூர்மையாக இருப்பார், பக்கத்தில் நிற்கும் மாப்பிள்ளை மங்கிப் போவார்.

அடுத்தது, சென்சருக்குப் பின்னால் உள்ள மின்சுற்றுப் பலகை. சென்சர் தகவலை எந்த வேகத்தில், எத்தனை வழிகளில் வெளியே தள்ளுகிறது, எவ்வளவு மின்சாரம் கேட்கிறது, எவ்வளவு சூடாகிறது எல்லாம் அந்த ஒரு மொடலுக்கென்று செய்யப்பட்டவை. முன்னால் ஒட்டியிருக்கும் வடிகட்டிக் கண்ணாடியின் தடிப்புக்கூட லென்ஸ் கணக்கில் சேர்ந்ததுதான். சென்சர் பழுதானால் அதே மொடல் சென்சரைப் போட்டு, மெல்லிய தகடு வைத்து மட்டம் பார்த்து, மென்பொருளால் அளவு திருத்தித் தருவார்கள். 18 மெகாபிக்சலைக் கழற்றி 45 போடுகிற வேலை எங்கும் நடக்காது. அதே சென்சரை மாற்றுகிற செலவே பாவித்த பொடி ஒன்றின் விலையை நெருங்கிவிடும்.

அப்படி மாற்றக்கூடிய கமராவை ஒருவருமே செய்யவில்லையா?

செய்தார்கள். ரிக்கோ நிறுவனம் 2009 இல் ஜிஎக்ஸ்ஆர் என்று ஒன்றை விட்டது. லென்ஸும் சென்சரும் ஒரே பெட்டிக்குள் இருக்கும். அந்தப் பெட்டியை இலாச்சி தள்ளுவது போலப் பொடிக்குள் தள்ளினால் வேலை செய்யும். சென்சரில் தூசி விழ வழியில்லை. நல்ல யோசனை, ஆனால் கணக்கு உதைத்தது. லென்ஸ் ஒன்று வாங்கும் ஒவ்வொரு முறையும் சென்சருக்கும் சேர்த்துக் காசு கட்ட வேண்டும். லென்ஸ் 20 வருடம் உழைக்கும், சென்சர் 5 வருடத்தில் பின்தங்கிவிடும். இரண்டையும் ஒன்றாகக் கட்டியது மாட்டையும் ஆட்டையும் ஒரே நுகத்தில் பூட்டிய மாதிரி. அது நின்றுபோனது.

லைக்கா ஆர்8, ஆர்9 பிலிம் கமராக்களின் முதுகைக் கழற்றி 10 மெகாபிக்சல் டிஜிட்டல் மொடியூல் மாட்டலாம். அதுவும் கனகாலம் ஓடவில்லை. இன்றுவரை ஓடுவது ஹசல்பிளாட். 1957 இல் தொடங்கிய அதன் வி வரிசைக் கமராக்களில் பெரும்பாலானவற்றுக்கு, 2024 இல் வந்த 100 மெகாபிக்சல் சிஎஃப்வி 100சி முதுகைப் பூட்டலாம். அந்த விலைக்கு இங்கே அத்திவாரம் போட்டுச் சுவரும் எழுப்பிவிடலாம் என்பது வேறு கதை. சினிமாப் பக்கத்தில் ரெட் நிறுவனம் தன் எபிக் கமராக்களைத் திருப்பி வாங்கி, உள்ளே டிராகன் சென்சரைப் போட்டுக் கொடுத்தது. சின்ன அளவில் என்றால் இன்ஸ்டா360 நிறுவனத்தின் வன் ஆர் உண்டு. 2020 இல் வந்தது. லென்ஸ், மூளை, பற்றரி மூன்றும் தனித்தனித் துண்டுகள்.

இவற்றில் கலியாணவீட்டுக்குத் தோதானது எதுவும் இல்லை. நமக்குத் தேவை வேறு விதமான பகுதிமுறை.

அப்படியானால் எதை அத்திவாரமாக வைத்து வாங்குவது?

மவுண்டை, அதாவது லென்ஸும் பொடியும் பொருந்தும் இணைப்பு வகையை. அதில் ஒரேயொரு இலக்கத்தைத் தெரிந்து வைத்தால் பாதிக் குழப்பம் தீரும். அதுதான் மேலே சொன்ன வளையத்துக்கும் சென்சருக்கும் இடையிலான தூரம். நிக்கொன் எஃப் 46.5 மி.மீ., கெனன் ஈஎஃப் 44, கெனன் ஆர்எஃப் 20, சோனி ஈ 18, ஃபூஜி எக்ஸ் 17.7, நிக்கொன் இசட் 16.

நீண்ட தூரத்துக்குச் செய்த லென்ஸைக் குறுகிய தூரக் கமராவில் மாட்டலாம். இடையில் வெறும் குழாய் ஒன்று வைத்தால் போதும். கெனன் ஈஎஃப் லென்ஸை ஆர்எஃப் பொடியில் மாட்டும் அடப்டருக்குள் கண்ணாடியே இல்லை, 24 மி.மீ. குழாயும் மின் தொடுமுனைகளும்தான். அதனால் தரம் குறையாது, ஓட்டோஃபோகஸும் முழுதாக வேலை செய்யும். மறுபக்கம் போக முடியாது.

இதை மறந்தால் என்ன நடக்கும் என்பதற்குக் கெனன் எம்50 கமரா நல்ல உதாரணம். கெனன் 2012 இல் தொடங்கிய ஈஎஃப்-எம் மவுண்டின் தூரம் 18 மி.மீ. ஆர்எஃப் 20. அந்த 2 மி.மீ. காரணமாக ஈஎஃப்-எம் லென்ஸ் எதையும் ஆர்எஃப் மவுண்ட் உள்ள ஆர் வரிசைக் கமராக்களுக்குக் கொண்டுபோக முடியாது. அந்த மவுண்டையே கெனன் கைவிட்டும் விட்டது. எம்50 மலிவாகக் கிடைத்தால் வாங்கலாம், தப்பில்லை. ஆனால் அதற்கென்று ஈஎஃப்-எம் லென்ஸ்களில் காசைக் கொட்ட வேண்டாம். அடப்டர் போட்டு ஈஎஃப் லென்ஸ் பாவியுங்கள்; லென்ஸாவது மிஞ்சும்.

2020 க்குப் பிறகு கெனனோ நிக்கொனோ புது டிஎஸ்எல்ஆர் (உள்ளே கண்ணாடி வைத்த பழைய வகைக் கமரா) விடவில்லை. ஆனாலும் ஈஎஃப், நிக்கொன் எஃப் லென்ஸ்களைப் பாவித்ததாக வாங்குவது இப்போது புத்திசாலித்தனம்தான். விலை விழுந்துவிட்டது, போகும் வழி அடைபடவில்லை.

கெனன் 1500டியும் 18-55 லென்ஸும் இருக்கின்றன. சாமத்தியவீடு, கலியாணவீடு எடுக்கத் தொடங்கிவிட்டேன். அடுத்து எதை வாங்குவது?

பொடியை அல்ல.

முதலில் ஈஎஃப் 50 மி.மீ. எஃப்/1.8 எஸ்டிஎம். 1500டியில் அது 80 மி.மீ. போல நடக்கும். தனிப்படம், மணவறையில் இருவர் படம், ஆராத்தித் தட்டு எல்லாவற்றுக்கும் பொருந்தும். சின்ன வீட்டு விறாந்தையில் குடும்பமாக நிற்பவர்கள் அதற்குள் அடங்க மாட்டார்கள். அதற்கு இருக்கிற 18-55 போதும், வெளிச்சம் கொடுத்தால்.

ஆகவே இரண்டாவது வெளிச்சம். ஒரு பிளாஷ், அதைத் தள்ளி நின்று அடிக்க வைக்கும் ஒரு டிரிகர், ஒரு ஸ்டாண்ட், 80 அல்லது 90 செ.மீ. குடை. பிளாஷை மேலே திருப்பி அடித்தால் போதுமே என்பார்கள். வெள்ளைக் கூரையுள்ள மண்டபத்தில் அது சரி. முற்றத்துப் பந்தலில் நீலத் தறப்பாள் கட்டியிருந்தால் அதில் பட்டுத் திரும்பும் வெளிச்சம் எல்லோர் முகத்திலும் நீலம் பூசிவிடும். தகரக் கூரையில் வெளிச்சம் எந்தப் பக்கம் தெறிக்கும் என்று தகரத்துக்குத்தான் தெரியும். குடை இருந்தால் கூரையை நம்பத் தேவையில்லை.

மூன்றாவதாகத்தான் பொடி. இங்கே ஒரு பொறி இருக்கிறது. 18-55 ஒரு ஈஎஃப்-எஸ் லென்ஸ், அதாவது 1500டி போன்றவற்றின் சின்னச் சென்சருக்கென்று செய்தது. அது 6டி, 5டி போன்ற ஃபுல் பிரேம் (35 மி.மீ. பிலிம் அளவுச் சென்சர்) டிஎஸ்எல்ஆர்களில் மாட்டவே மாட்டாது. ஆர்6 இல் அடப்டரோடு மாட்டும், ஆனால் சென்சரின் நடுப்பகுதி மட்டும் பாவனைக்கு வந்து 20 மெகாபிக்சல் 8 க்கும் கீழே இறங்கிவிடும். பின்னாளில் ஃபுல் பிரேம் என்ற எண்ணம் இருந்தால் ஈஎஃப்-எஸ்ஸில் விலை கூடிய லென்ஸ் எடுக்க வேண்டாம். சின்னச் சென்சர் உள்ள ஆர்7, ஆர்10 போதுமென்றால் தாராளமாக எடுக்கலாம்.

பொடியில் நாங்கள் ஒரு விடயத்தில் பிடிவாதம்: காசுக்குக் கலியாணம் எடுப்பவருக்கு இரண்டு கார்ட் போடும் கமரா வேண்டும். 6டி, ஆர்8 இரண்டும் நல்ல படம் தரும், ஆனால் ஒற்றைக் கார்ட். 5டி மார்க் 3, ஆர்6 இரண்டிலும் இரண்டு. தாலி கட்டும் படத்தைத் திரும்ப எடுக்க முடியாது.

புதுப் பிளாஷ் வாங்கி மேலே பூட்டினேன். கமரா கிளிக் ஆகிறது, பிளாஷ் அடிக்கவில்லை. பழுதா?

பிளாஷ் பூட்டும் தகட்டைப் பாருங்கள். நடுவில் பெரிய வட்டத் தொடுமுனை ஒன்று இருக்க வேண்டும். 200டி மார்க் 2 இலும், கடைகளில் கிடைக்கும் 1500டிகளிலும் கெனன் அதை எடுத்துவிட்டது. சின்ன முனைகள் மட்டும் மிஞ்சியிருக்கும். கோடொக்ஸ் டிடி600 போன்ற ஒற்றை முனைப் பிளாஷ்கள் அந்த நடு முனையை நம்பியே அடிப்பவை. ஆகவே பிளாஷில் பழுதில்லை.

தீர்வு இரண்டு. ஒன்று, கெனனுக்கென்றே செய்த டிடிஎல் (கமராவே பிளாஷின் அளவைத் தீர்மானிக்கும் முறை) டிரிகர், உதாரணமாக கோடொக்ஸ் எக்ஸ்2டி-சி. அதன் பேம்வேயரை (உள்ளே இருக்கும் மென்பொருளை) புதுப்பித்துவிட்டுக் கமராவில் போட்டால் சின்ன முனைகள் வழியாகவே கட்டளை போகும். டிடி600 ஐ ரேடியோ மூலம் தள்ளி வைத்து அடிக்கலாம். இரண்டாவது, காசு செலவில்லாதது. பிளாஷை எஸ்2 முறையில் வைத்து, கமராவின் சொந்தச் சின்னப் பிளாஷைத் திறந்து விடுங்கள். அந்த வெளிச்சத்தைக் கண்டு பெரியதும் அடிக்கும். எஸ்1 இல் வைத்தால் முன்கூட்டி வரும் அளவெடுக்கும் மினுக்கத்துக்கே அடித்து முடித்துவிடும். வெயிலில் இது நம்பிக்கையில்லை. மண்டபத்தில் மற்றக் கமராக்காரர் அடிக்கும்போதும் உங்கள் பிளாஷ் சேர்ந்து அடித்துக்கொண்டிருக்கும்.

ரேடியோ வழியில் இன்னொரு ஆதாயம். நாளைக்கு சோனிக்கோ நிக்கொனுக்கோ மாறினால் டிரிகரை மட்டும் மாற்றினால் போதும், ஸ்டாண்டில் நிற்கும் பிளாஷ்கள் அப்படியே தொடரும். உண்மையான பகுதிமுறை என்று ஒன்று இருந்தால் அது வெளிச்சப் பக்கத்தில்தான் இருக்கிறது.

ஸ்டூடியோவில் கிடந்த பழைய பிலிம் காலத்துப் பிளாஷை டிஜிட்டல் கமராவில் போடலாமா?

அளந்து பார்க்காமல் போட வேண்டாம். பழைய பிளாஷ்கள் சிலவற்றில் அடிக்கும் முனையிலேயே 200 வோல்ட்டுக்கு மேல் நிற்கும். பிலிம் கமராவில் அது இரண்டு உலோகத் துண்டுகள் தொடுவது, ஒன்றும் ஆகாது. டிஜிட்டலில் அந்த இடத்தில் சின்ன எலக்ட்ரோனிக் சுவிட்ச் இருக்கிறது, கருகிவிடும்.

அளக்க ஒரு சாதாரண மல்டிமீற்றர் போதும். டிசி 600 வோல்ட் அளவில் வையுங்கள். பிளாஷுக்குப் புது பற்றரி போட்டு, தயார் லைட் எரிந்து அரை நிமிடம் பொறுங்கள். சிவப்பு முனையைப் பிளாஷின் அடியில் நடுத் தொடுமுனையிலும், கறுப்பைப் பக்கத்து உலோகத் தண்டவாளத்திலும் வையுங்கள். இரண்டு முனைகளும் ஒன்றையொன்று தொட்டால் பிளாஷ் அடிக்கும், பயப்பட வேண்டாம். 6 வோல்ட்டுக்குக் கீழே காட்டினால் எந்தக் கமராவிலும் போடலாம். அதற்கு மேலென்றால் உங்கள் கமராவின் கையேட்டில் உள்ள எல்லையைப் பார்க்க வேண்டும். நூற்றுக்கு மேல் காட்டினால் கமராப் பக்கமே கொண்டுபோகாமல், ஒளியைக் கண்டு அடிக்கும் ஸ்லேவ் ஒன்றில் பூட்டிப் பின்னணி வெளிச்சமாக வைத்துக்கொள்ளுங்கள். உறையைக் கழற்றிப் பார்க்க வேண்டாம். உள்ளேயிருக்கும் கப்பாசிற்றர் நிறுத்திய பிறகும் 300 வோல்ட் அளவு பிடித்து வைத்திருக்கும்.

நிக்கொனில் எந்த லென்ஸ் எந்தப் பொடிக்கு?

மவுண்ட் 1959 முதல் ஒன்றுதான், ஆனால் மாட்டினால் எல்லாம் வேலை செய்யும் என்று அர்த்தமில்லை. ஏஎஃப்-டி லென்ஸுக்குள் மோட்டார் கிடையாது, பொடியிலுள்ள சின்னத் திருகாணிதான் அதைச் சுழற்றும். டி3000, டி5000 வரிசைகளில் அந்தத் திருகாணி இல்லை, ஆகவே கையால்தான் ஃபோகஸ். டி90, டி7000, டி610, டி750 ஆகியவற்றில் இருக்கிறது. மிரர்லெஸ் (உள்ளே கண்ணாடி இல்லாத) இசட் பொடிக்கு மாறி எஃப்டிஇசட் அடப்டர் போட்டால் ஏஎஃப்-எஸ்ஸும் ஏஎஃப்-பியும் ஓட்டோவாக ஓடும், ஏஎஃப்-டி ஓடாது. மறுதலையாக, புதிய ஏஎஃப்-பி லென்ஸ் டி90 இல் ஃபோகஸ் ஆகாது. மிரர்லெஸ் கனவு இருப்பவர் 50 மி.மீ. வாங்கும்போது கொஞ்சம் கூடக் கொடுத்து ஏஎஃப்-எஸ் 50 எஃப்/1.8ஜி எடுப்பது நல்லது.

அடப்டர் போட்ட நாள் முதல் இடைக்கிடை எரர் 01 வருகிறது.

கெனனில் 01 என்றால் பொடியும் லென்ஸும் கதைத்துக்கொள்வது அறுந்துவிட்டது என்று பொருள். கண்ணாடியில் பிரச்சினை தேட வேண்டாம். பொன் நிறத் தொடுமுனைகளைப் பாருங்கள். அடப்டர் வந்ததும் தொடும் இடங்கள் இரட்டிப்பாகின்றன. வியர்வை, செம்மண் தூசி, முல்லைத்தீவுக் கரையோர உப்புக் காற்று எல்லாம் அங்கேதான் படியும்.

கமராவை நிறுத்தி, பற்றரியைக் கழற்றுங்கள். 99 வீத ஐசோபுரோபில் அற்ககோலைக் காதுக்குச்சிப் பஞ்சில் ஒரு துளி மட்டும் நனைத்து, லென்ஸின் முனைகளை ஒரே திசையில் துடையுங்கள். அடுத்த பஞ்சால் அடப்டரின் இரண்டு பக்கமும். பொடியின் முனைகள் கடைசி, அதுவும் வாயைக் கீழே பார்க்கப் பிடித்தபடி. பொடியின் முனைகள் ஸ்பிரிங்கில் நிற்பவை. ஒவ்வொன்றையும் குச்சியால் மெல்ல அமத்தினால் உள்ளே போய்த் திரும்பி வர வேண்டும். ஒன்று உள்ளேயே நின்றுவிட்டால் அதுதான் குற்றவாளி. அழிறப்பர் போட்டுத் தேய்ப்பதை விட்டுவிடுங்கள். துகள் கமராவுக்குள் விழும்.

துடைத்தும் வந்தால், லென்ஸைப் பிடித்து இலேசாக இடம் வலமாகத் திருப்பிப் பாருங்கள். மலிவு அடப்டர்களில் ஆட்டம் இருக்கும், 70-200 போன்ற பாரமான லென்ஸ் தொங்கும்போது முனைகள் விலகும். அப்படியான லென்ஸை எப்போதும் அதன் கீழ்க் கழுத்தில் தாங்கிப் பிடிக்க வேண்டும், பொடியில் தூக்கக் கூடாது. பழைய சிக்மா, டாம்ரன் லென்ஸ்களில் மட்டும் வந்தால் அது லென்ஸின் உள் நிரல். புதுப்பிக்க யுஎஸ்பி டொக் இருக்கும் மொடலா என்று பாருங்கள்.

பழைய பற்றரிகள் புதுப் பொடிக்குச் சரிவருமா?

கெனனில் எல்பி-ஈ6 வடிவம் நன்றாக நீடித்தது. 2008 இன் 5டி மார்க் 2 தொடக்கம் 6டி, 70டி, 80டி, ஆர்6, ஆர்7 வரை அதே உருவம். பழைய எல்பி-ஈ6 ஐ ஆர்6 இல் போட்டால் இயங்கும், தொடர் கிளிக் வேகம் குறையும், யுஎஸ்பி வழியாக உள்ளே வைத்துச் சார்ஜ் ஆகாது. 2024 இல் வந்த ஆர்5 மார்க் 2 எல்பி-ஈ6பி கேட்கிறது. பழசுக்குச் சில வசதிகளைப் பூட்டி வைக்கும். 1500டியின் எல்பி-ஈ10 அந்தக் குடும்பமே இல்லை, கூட வராது.

திருவிழாவில் இரவு முழுக்க வீடியோ எடுப்பவர்கள் பற்றரி வடிவ டம்மி ஒன்றைப் போட்டுப் பவர் பாங்கிலிருந்து ஓட்டலாம். யுஎஸ்பி-சி பிடி 9 வோல்ட் தரும் பவர் பாங்க் வேண்டும். வெறும் 5 வோல்ட்டோடு வருவது இழுக்காது. வயரைக் காலில் தட்டி அறுத்தால் அந்த நேரம் பதிவான துண்டு மூடப்படாமல் போய்த் திறக்காது. வயரை ஸ்டாண்டின் காலோடு டேப் போட்டுக் கட்டிவிடுங்கள்.

வீங்கிய பற்றரியைச் சார்ஜ் பண்ண வேண்டாம். உள்ளே இறுகிவிட்டால் குறடு போட்டு இழுக்கவும் வேண்டாம், துளை விழுந்தால் தீப்பிடிக்கும்.

எந்த கார்ட்?

கமரா எழுதும் வேகத்தைப் பார்த்து எடுங்கள். 100 மெகாபிட் 4கே வீடியோ என்பது விநாடிக்கு 12.5 மெகாபைட். வி30 என்று எழுதிய கார்ட் குறைந்தது 30 தாங்கும், போதும். 64 ஜிபியில் ஏறக்குறைய 85 நிமிடம் அடங்கும். யுஎச்எஸ்-2 கார்டின் பின்னால் இரண்டாவது வரிசை முனைகள் இருக்கும். பொடியில் அதற்கு இடமில்லையென்றால் கூடக் கொடுத்த காசு வீண். மிகப் பழைய பொடிகள் 32 ஜிபிக்கு மேல் அடையாளம் காணாது.

போலிக் கார்ட் நிறைய உலவுகிறது. 128 என்று எழுதியிருக்கும், உள்ளே 16 இருக்கும், 16 நிரம்பியதும் பழைய படங்களின் மேலேயே எழுதும். வாங்கிய அன்றே கணினியில் கார்ட் முழுவதும் எழுதித் திரும்ப வாசித்துச் சோதிக்கும் மென்பொருளை ஒரு தடவை ஓட்டுங்கள். கலியாணத்தன்று சோதிக்க வேண்டாம்.

கனடாவிலிருந்து சொந்தக்காரர் கமரா கொண்டுவருகிறார். கவனிக்க என்ன இருக்கிறது?

சார்ஜர் 100 முதல் 240 வோல்ட் என்று எழுதியிருந்தால் பிளக்கின் வடிவம் மட்டும்தான் பிரச்சினை. வட அமெரிக்கக் கமரா என்டிஎஸ்சி என்ற அந்தப் பக்கத்து வீடியோ முறையில் வரும், மெனுவில் பால் (PAL) என்ற நமது முறைக்கு மாற்றுங்கள். நமது மின்சாரம் 50 ஹேர்ட்ஸ். 30 பிரேமில், ஷட்டர் 1/60 இல் எடுத்தால் மண்டபத்து லைட்டில் கறுப்புப் பட்டிகள் மேலும் கீழும் ஊரும். 25 பிரேம், 1/50 அல்லது 1/100 என்றால் நிற்கும். ஜப்பான் உள்ளூர்ச் சந்தைக்கான சோனிகளில் மெனு ஜப்பான் மொழியில் மட்டும் இருக்கும், மாற்ற முடியாது. மலிவு என்று எடுத்துவிட்டுப் படம் பார்த்து மெனுவைப் பாடமாக்குபவர்கள் இருக்கிறார்கள்.

பாவித்த பொடி வாங்கும்போது?

ஷட்டர் எண்ணிக்கை கேளுங்கள். 5டி மார்க் 3, டி750 இரண்டும் 150,000 கிளிக்குக்குச் சோதிக்கப்பட்டவை, 6டி 100,000 க்கு. ஒரு கலியாணத்துக்கு 2,500 கிளிக் என்று வைத்தால் 150,000 என்பது 60 கலியாணம். அதைத் தாண்டிப் பழுதானாலும் ஷட்டரைத் தனியாக மாற்றலாம். கமராவுக்குள் உண்மையில் மாற்றக்கூடிய சில துண்டுகளில் அது ஒன்று, அந்தச் செலவை விலையிலிருந்து கழித்துப் பேசுங்கள்.

பிறகு எஃப்/16, ஐஎஸ்ஓ 100 இல் வெறும் வானத்தை ஃபோகஸ் கலைத்து எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். கறுப்புப் பொட்டு தூசி, துடைக்கலாம். நூல் போலக் கீறல் தெரிந்தால் வேண்டாம். எச்டிஎம்ஐ, மைக் துளைகளில் வயரைச் செருகி ஆட்டுங்கள். கார்ட் துளைக்குள் போன் லைட் அடித்து வளைந்த முள் இருக்கிறதா என்று பாருங்கள். 5டி மார்க் 3 இன் சிஎஃப் துளையில் இது அடிக்கடி காணும் பழுது.

பேம்வேயர் புதுப்பித்தால் புதுக் கமரா போல் ஆகுமா?

சில நேரம் ஆகும். நிக்கொன் இசட்6, இசட்7 வாங்கியவர்களுக்கு 2019 இல் கண்ணைப் பிடிக்கும் ஃபோகஸ் அப்படித்தான் இலவசமாக வந்தது. முழுச் சார்ஜ் பற்றரி, கமராவிலேயே ஃபோர்மட் செய்த கார்ட், இறக்கிய கோப்பை எந்த ஃபோல்டருக்குள்ளும் போடாமல் கார்டின் வெளி மட்டத்தில் வைப்பது, முடியும்வரை எதையும் தொடாதது: இவ்வளவுதான். மொபைல் டேட்டாவில் பாதியில் அறுந்து இறங்கிய கோப்பு வில்லங்கம் தரும். இணையத்தில் சொல்லியிருக்கும் அளவோடு ஒப்பிட்டுவிட்டுப் போடுங்கள். அடுத்த நாள் நிகழ்ச்சி என்றால் இன்றிரவு புதுப்பிக்க வேண்டாம்.

தூசிக்கும் பூஞ்சணத்துக்கும் என்ன செய்வது?

சோளகம் அடிக்கும் ஆனி, ஆடியில் கிரவல் வீதி ஓரமாக நின்று லென்ஸ் மாற்றாதீர்கள். வேறு வழியில்லையென்றால் காற்றுக்கு முதுகு காட்டி, கமராவை நிறுத்தி, வாயைக் கீழே பிடித்து, அடுத்த லென்ஸின் பின்மூடியை முன்னரே தளர்த்தி வைத்து மாற்றுங்கள். மிரர்லெஸ்ஸில் சென்சர் திறந்தே கிடக்கும். ஊத ரப்பர் பம்பு மட்டும். வாயால் ஊதினால் எச்சில் படியும், டின் காற்று அடித்தால் உறைந்த திரவம் படியும்.

மாரி தொடங்கி தை வரை ஈரம் 60 வீதத்துக்கு மேலேயே நிற்கும் நாட்கள் அதிகம். தோல் பையில் அடைத்து அலுமாரிக்குள் வைத்த லென்ஸில் நூல் நூலாகப் பூஞ்சணம் கட்டும். ரப்பர் விளிம்புள்ள 10 லீற்றர் சாப்பாட்டுப் பெட்டி, 200 கிராம் செம்மஞ்சள் சிலிக்கா ஜெல், சின்ன ஈரமானி ஒன்று. 40 முதல் 50 வீதத்துக்குள் நிற்க வேண்டும். ஜெல் பச்சையானதும் 120 பாகையைத் தாண்டாமல் இரண்டு மூன்று மணித்தியாலம் சூடாக்கினால் திரும்ப வேலை செய்யும். நீல ஜெல்லில் கோபால்ட் இருக்கும், சமையல் சட்டியில் போட வேண்டாம். அரிசிக்குள் புதைப்பதால் லென்ஸுக்குள் தவிட்டுத் தூள்தான் போகும்.

24 மெகாபிக்சல் காணாது, மாற்ற வேண்டும் என்கிறார்களே?

30 அங்குல அகலத்தில் விரியும் அல்பத்தின் இரண்டு பக்கத்துக்கும் ஒரே படத்தைப் போட்டாலும் 24 மெகாபிக்சலில் அங்குலத்துக்கு 200 புள்ளி வரும். கையில் வைத்துப் பார்க்க அது தாராளம்.

எல்லாத் துண்டையும் நானே தெரிந்து பூட்டும் மலிவான கமரா உண்டா? குளத்துப் பறவைகளை எடுக்க ஆசை.

உண்டு. ராஸ்பெரி பை நிறுவனம் 2020 இல் விட்ட எச்கியூ கமரா. 12.3 மெகாபிக்சல் சோனி சென்சர், வெறும் பலகையில். லென்ஸ், மூளை, மின்சாரம், பெட்டி எல்லாம் உங்கள் தெரிவு. சென்சர் மிகச் சிறியது, அதனால் லென்ஸின் நீளம் 5.5 மடங்காகத் தெரியும். பழைய 200 மி.மீ. லென்ஸ் 1,100 மி.மீ. போல நடக்கும், இரணைமடு அணைக்கட்டில் நின்று தொலைவில் நிற்கும் நாரையின் கண்ணைப் பார்க்கலாம்.

தேவையானவை: எச்கியூ கமரா, மூளையாக ராஸ்பெரி பை சீரோ 2 டபிள்யூ என்ற சின்னக் கணினி, 32 ஜிபி மைக்ரோ எஸ்டி, உங்கள் லென்ஸ் மவுண்டிலிருந்து சி மவுண்டுக்கான (இந்தப் பலகையில் பூட்டும் திருகு மவுண்ட்) அடப்டர், 10,000 எம்ஏஎச் பவர் பாங்க், உறுதியான முக்காலி. அப்பர்ச்சர் வளையம் உள்ள பழைய கைமுறை லென்ஸ் எடுங்கள்; இந்தப் பலகையால் லென்ஸுக்குக் கட்டளை அனுப்ப முடியாது.

பிழை வருவது பெரும்பாலும் மூன்று இடத்தில். கமராவோடு வரும் ரிப்பன் வயர் 15 முனை, பை சீரோவின் துளை 22 முனை. மாற்று வயர் தனியே வாங்க வேண்டும். வாங்காமல் வந்து ஒரு கிழமை காத்திருப்பவர்களே அதிகம். அடுத்தது 5 மி.மீ. வளையம். சி மவுண்ட் அடப்டருக்கு அது வேண்டும், சிஎஸ் லென்ஸுக்கு வேண்டாம். மாறிப் போட்டால் ஃபோகஸ் சரியாக வராது. மூன்றாவது, பின் ஃபோகஸ். லென்ஸை முடிவிலியில் வைத்து, வடலிக்கு அப்பால் தூரத்துப் பனை ஒன்றைப் பாருங்கள். பூட்டுத் திருகாணியைத் தளர்த்தி, பனை மட்டையின் ஓரம் கூர்மையாகும்வரை வளையத்தைச் சுழற்றி, திருகாணியை இறுக்குங்கள். ஒருமுறை செய்தால் போதும்.

சராசரி 3 வாட் என்று வைத்தால் அந்தப் பவர் பாங்க் 10 மணித்தியாலம் அளவு இழுக்கும். காலை 9 மணிக்குப் பிறகு குளத்து நீரின் மேலே வெப்பக் காற்று ஆடத் தொடங்கும், அப்போது எந்த லென்ஸாலும் கூர்மை வராது. விடியவே போய் நில்லுங்கள், பலகையில் பனி படாமல் மேலே ஒரு மூடி வையுங்கள்.